கிழக்குச் சுவர்க் கடிகாரம்

டைப் அக்காவுக்கு வேகம்தான் பெருமை. ஒரே காவல் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் தட்டச்சு செய்தாள். இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். அவள் மட்டும் அதே மூலையில், ஒரு கால் ஆடுகிற அதே நாற்காலியில் இருந்தாள். “அக்கா, இதைக் கொஞ்சம் அவசரமா அடிச்சுக் குடுங்க” என்று யாராவது கோழி கிறுக்கிய மாதிரி ஒரு தாளை நீட்டினால், அவர் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அடித்து, அச்செடுத்து, பின் குத்தித் தயாராக வைத்திருப்பாள்.

அந்த வேகத்தின் ரகசியம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. புதுத் தாளில் முதலிலிருந்து அடிக்கவே மாட்டாள். கம்ப்யூட்டரில் பழைய அறிக்கை ஒன்றைத் திறந்து, அதன் மேலேயே அடிப்பாள். முகப்பு, சட்டப் பிரிவு, “மேற்படி இடத்தை நேரில் பார்வையிட்டபோது” என்று தொடங்கும் பத்திகள் எல்லாம் அதில் ஏற்கனவே இருக்கும். ஆள், தேதி, தெரு, பொருட்கள் இவற்றை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. எல்லா ஸ்டேஷனிலும் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் என்ன தப்பு என்று கேட்டால், ஒரு தப்பும் இல்லை. மாற்ற வேண்டியது அத்தனையையும் மாற்றிவிட்டால் ஒரு தப்பும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவளால் வீட்டில் உட்கார முடியவில்லை. வீட்டில் கணவர் இருந்தார், அதுதான் காரணம். ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதித்தவர். அந்தப் பழக்கம் விடுமா? காய்கறி வாங்கப் போனாலும் “எங்கேருந்து எங்க?” என்பார், வாங்கி வந்தால் பையைத் திறந்து பார்ப்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் நாள் முழுக்கப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அக்கா, கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஒரு மேசை போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுத்தாள்.

அங்கேதான் ஒரு நாள் காலை அந்தப் பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். துணிக் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் தைக்கிறவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்தது. ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து காகிதக் கட்டு ஒன்றைக் குழந்தையைத் தூக்குவது போலப் பத்திரமாக எடுத்து மேசையில் வைத்தாள்.

“கருணை மனு ஒண்ணு அடிக்கணும்க்கா. தம்பி உள்ள இருக்கான். பதினோரு வருஷம் ஆச்சு.”

“என்ன கேஸும்மா?”

“கொலைன்னு போட்டிருக்காங்க. ஆனா அவன் பண்ணலக்கா.”

டைப் அக்கா தலையாட்டிக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். பண்ணாதவர்களின் அக்காவும் அம்மாவும் மட்டும்தான் இந்த மேசைக்கு வருவார்கள். பண்ணினான் என்று சொல்லிக்கொண்டு இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

“யாரைக் கொன்னதா கேஸு?”

“பாட்டு டீச்சரைங்க. மூணாவது மாடியில தனியா இருந்தாங்களே. தம்பி அவங்க வீட்டுக்குத் துணி தேச்சுக் குடுப்பான்.”

அக்காவின் கை நின்றது. அந்தப் பையனை அவளுக்குத் தெரியும். இஸ்திரிக்காரன். அவன் போட்ட மடிப்பு இரண்டு நாளானாலும் கலையாது என்று தெருவே அவனை ‘மடிப்பு’ என்று கூப்பிடும். இருபத்தாறு வயசு. பாட்டு டீச்சர் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தபோது, அன்று மத்தியானம் துணி கொடுக்க அந்த மாடிக்குப் போய் வந்தவன் அவன்தான் என்று பிடித்துக்கொண்டு வந்தார்கள். மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் பக்கத்து அறையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தவள் இவள்.

அந்த நாட்களை அவள் நினைக்க விரும்புவதில்லை. ஆனால் அதில் ஒரே ஒரு நல்ல நினைவு இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, சுவரோரமாகச் சுருண்டு கிடந்த பையனுக்குத் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். ஆறுதலாக இரண்டு வார்த்தையும் சொன்னாள். அந்தக் கட்டடத்தில் அவனை மனுஷனாக நினைத்தவள் நான் ஒருத்திதான் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்வாள். அந்த நினைவை அவள் இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்தாள்.

“தீர்ப்பு நகல் இருக்காம்மா?”

“இருக்குங்க. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இந்தப் பக்கத்தைத்தான் எல்லா வக்கீலும் காட்டுறாங்க. இது இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க.”

பதினாலாவது பக்கம். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். “கிழக்குச் சுவரில் மாட்டியிருந்த வட்ட வடிவச் சுவர்க் கடிகாரம் கீழே விழுந்து, கண்ணாடி நொறுங்கி, இரண்டு பத்துக்கு நின்றிருந்தது என்பது பார்வையிட்ட காவல் துறையினருக்கும் குற்றவாளிக்கும் மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய செய்தி. எதிரி தன் வாக்குமூலத்தில் அதைத் தானாகவே கூறியிருக்கிறார். மேலும், கொலை நடந்த நேரம் இரண்டு பத்து என்பதும் இதனால் உறுதியாகிறது. எதிரி மூன்று மணி முதல் தன் வண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லும் சாட்சிகளால் எந்தப் பயனும் இல்லை.”

அவள் அதை மறுபடி படித்தாள். பிறகு மறுபடியும்.

“அந்த வீட்டுல கடிகாரமே கிடையாதுக்கா” என்றாள் பட்டன்காரப் பெண். “தம்பி முதல் நாள்லேருந்து தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்றான். டீச்சருக்கு அந்த டிக்டிக் சத்தமே ஆகாதாம். தாளத்தைக் கெடுக்குதுன்னு வாங்கவே இல்லையாம். யாரு கேக்கறா? வக்கீல்கிட்ட சொன்னா, ‘கடிகாரமா முக்கியம், ஆளு செத்திருக்கு’ங்கறாரு.”

அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். கருணை மனுவை அடித்துக் கொடுத்தாள். கூலி வேண்டாம் என்றாள். அந்தப் பெண் நாலு தடவை நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றி ஒவ்வொன்றும் அக்காவின் நெஞ்சில் முள்ளாக ஏறியது.

ஏனென்றால் அந்தக் கடிகாரம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். மளிகைக்கடைக்காரருடையது. பாட்டு டீச்சர் சாவதற்கு இரண்டு வாரம் முன்னால் அவர் கடையில் திருட்டு நடந்தது. ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்கிய திருடன் கால் பட்டு, கிழக்குச் சுவரில் இருந்த கடிகாரம் விழுந்து இரண்டு பத்துக்கு நின்றுபோனது. சாட்சியப் பொருள் என்று அதை ஸ்டேஷனுக்கு எடுத்து வந்துவிட்டார்கள். அது மாமனார் சீராகக் கொடுத்த கடிகாரம். வீட்டுக்காரம்மா சும்மா விடுவாளா? மனுஷர் தினமும் காலையில் வந்து நிற்பார். “மேடம், என் கடிகாரம்? அது இல்லாம வீட்டுக்குள்ள காலை வைக்க முடியல மேடம்.” ஸ்டேஷனே அவருக்குக் ‘கடிகார மாப்பிள்ளை’ என்று பேர் வைத்துச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

அந்த மளிகைக்கடை அறிக்கையைத் திறந்துதான், அதன் மேல் பாட்டு டீச்சர் வீட்டு அறிக்கையை அடித்தாள். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் தலைக்கு மேல் நின்றுகொண்டு அவசரப்படுத்தினார். மேலதிகாரி வந்துகொண்டிருந்தார். கதவு, அலமாரி, உடல் கிடந்த இடம் எல்லாவற்றையும் மாற்றினாள். ஒரு வரியை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டாள். மளிகைக்கடைக் கடிகாரம் பாட்டு டீச்சரின் சுவரில் போய்த் தொங்கிவிட்டது.

அதோடு போயிருந்தால் அது வெறும் தப்பு. ஆனால் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்ஸ்பெக்டர் பையனைக் கேட்டார். அக்கா கேட்டுக்கொண்டேதான் அடித்தாள். காதில் விழுந்தது நேராக விரலுக்குப் போனது, இது எந்தக் கடிகாரம் என்று அன்றைக்கு யோசிக்கவே இல்லை. இப்போது அந்தக் குரல்கள் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

“கடிகாரம் எப்படிடா விழுந்துச்சு?”

“எந்தக் கடிகாரம் சார்?”

பளார் என்று ஒரு சத்தம்.

“கிழக்குச் சுவர்ல இருந்ததுடா.”

“கை பட்டு விழுந்துச்சு சார்.”

“எத்தனை மணிக்கு நின்னுச்சு?”

“தெரியல சார்.”

“ரெண்டு பத்துன்னு சொல்லுடா.”

“ரெண்டு பத்து சார். ரெண்டு பத்து.”

பையன் தானாகச் சொன்னான் என்று நீதிபதி எழுதியது இந்த லட்சணத்தில்தான். மறுநாள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் கொண்டுபோய் “இதெல்லாம் நீ சொன்னதுதானே?” என்று கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பையன் தலையாட்டினான். விசாரணையில் யாரோ ஒருத்தர் அந்த உடைந்த கடிகாரம் எங்கே என்று கேட்டதற்கு, ஸ்டேஷனுக்கு வெள்ளையடித்தபோது தொலைந்துவிட்டது என்றார் இன்ஸ்பெக்டர். அவர் பொய் சொன்னாரா, இல்லை தாளில் இருந்தால் வீட்டிலும் இருந்திருக்கும் என்று நம்பியே சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம். அவரும் போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாலு நாள் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் காலை, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“என்ன ஆச்சு உனக்கு? எங்கேருந்து எங்க போயிட்டிருக்கே?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மடித்து வைத்த செய்தித்தாளை எடுத்து இன்னொரு தடவை மடித்தார்.

“நீ வேணும்னா பண்ணினே? கை தவறி விட்டுட்டே. இப்ப போய் வலிய மாட்டிக்கிட்டா பென்ஷன் போகும். உன் மேலயே கேஸ் போடுவான். இந்த வயசுல கோர்ட்டு படி ஏறணுமா? எல்லாம் ஆச்சு, பதினோரு வருஷம் ஓடிப்போச்சு. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல அவனே வெளிய வந்துடுவான்.”

“நீங்க ரயில்ல டிக்கெட் இல்லாதவன்னு நெனச்சு, டிக்கெட் வச்சிருந்தவனைப் பாதி வழியில இறக்கிவிட்டிருக்கீங்களா?”

அவர் முகம் மாறியது. “ஒரு தடவை. கைக்குழந்தையோட ஒரு பொம்பளை. டிக்கெட்டைப் பெட்டியில வச்சிருந்துது, எடுக்கத் தெரியல. நல்ல மழை அன்னிக்கு.”

“மறந்துட்டீங்களா?”

அவர் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். “வா, நானும் வரேன். யாரைப் பாக்கணும் முதல்ல?” என்றார்.

முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெண்ணை. துணிக் கம்பெனிக்குப் பின்பக்கம், ஒரே அறை உள்ள வீடு. கட்டிலில் சட்டைகள் மலையாகக் கிடந்தன. வீட்டுக்கும் கொண்டுவந்து தைப்பாள் போலிருக்கிறது. “வாங்கக்கா, என்ன இவ்வளவு தூரம்?” என்று பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அக்கா உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். மளிகைக்கடை, பழைய அறிக்கை, மாற்றாமல் விட்ட வரி எல்லாம் சொன்னாள்.

அந்தப் பெண் கையில் இருந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், திட்டுவாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அப்படி நடந்திருந்தால் தேவலை என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

“ஒரு வரியாக்கா?”

“ஆமாம்மா.”

“எங்கம்மா இழுத்துக்கிட்டுக் கிடந்தப்ப, ஒரு மணி நேரம் அவனை அனுப்புங்கன்னு காலைப் பிடிச்சேன். அனுப்பல. அம்மா வாசலையே பாத்துக்கிட்டுப் போயிட்டா.” அவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். “ஒரு வரிக்காகக்கா?”

கணவர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அந்தப் பெண் எழுந்து முகத்தைக் கழுவினாள். மேலே ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டாள். “அழுதா அவன் வந்துடுவானா? நடங்க, வக்கீலைப் பாக்கலாம்” என்றாள்.

இனிமேல்தான் வேடிக்கை. வயிற்றெரிச்சலான வேடிக்கை. பையன் செய்யாததைச் செய்தேன் என்று சொன்னபோது, எல்லாரும் அரைமணி நேரத்தில் நம்பினார்கள். அக்கா செய்ததைச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு போனாள். ஒருத்தரும் நம்பவில்லை. இரண்டு வருஷம் இழுத்தது.

கேஸை மறுபடி எடுத்துக்கொள்ளவே ஒரு வருஷம் ஆனது. பிறகு கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீல் சின்ன வயசு, நல்ல வாய்.

“அம்மா, உங்களுக்கு யார் என்ன குடுக்கறேன்னு சொன்னாங்க?”

“யாரும் ஒண்ணும் குடுக்கல சார்.”

“மிரட்டினாங்களா?”

“இல்ல சார்.”

“பதிமூணு வருஷத்துக்கு முன்னால அடிச்ச ஒரு வரி உங்களுக்கு ஞாபகம் இருக்கு. சரி. நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

அக்கா யோசித்தாள். கோர்ட்டு சிரித்தது.

“நேத்து சாப்பிட்டது ஞாபகம் இல்ல சார். ஆனா ஒரு மனுஷன் தினம் வந்து எதிர்ல நின்னு தன் கடிகாரத்தைக் கேட்டா, அது மறக்காது சார்.”

மளிகைக்கடைக்காரரைக் கூட்டி வந்தார்கள். கிழவராகியிருந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். கடிகாரத்தை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷன் கொடுத்த ரசீது. வட்ட வடிவச் சுவர்க் கடிகாரம் ஒன்று, கண்ணாடி உடைந்தது, இரண்டு பத்துக்கு நின்றது. இத்தனை வருஷம் அதை அவர் பத்திரமாக வைத்திருந்தார், வேறு எதற்கு, வீட்டுக்காரம்மாவிடம் காட்டத்தான்.

“இது என் மாமனார் குடுத்த கடிகாரம் ஐயா. எப்படி அந்தம்மா வீட்டுச் சுவருக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. கேஸ் முடிஞ்சா திருப்பிக் குடுப்பீங்களா?”

மறுபடியும் கோர்ட்டு சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. கொஞ்சம் வயசான பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நாளைக்குக் காலையில நான் அந்த வீட்டைப் பாக்கணும்” என்றார்.

பார்க்கப் போனார். பதிமூன்று வருஷத்தில் அந்த மூன்றாவது மாடிப் படியேறிய முதல் நீதிபதி அவர். வீட்டுச் சொந்தக்காரர், டீச்சர் போனபின் யாரும் குடிவரவில்லை, ஒரு ஆணிகூட அடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். ஹாலுக்குள் நுழைந்து நீதிபதி கிழக்குப் பக்கம் திரும்பினார். கண் கூசியது. அந்தப் பக்கம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஜன்னல். கட்டின நாளிலிருந்தே ஜன்னல். கடிகாரம் மாட்ட அங்கே சுவரே இல்லை.

அக்கா கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளும் அந்த வீட்டை இப்போதுதான் பார்க்கிறாள். போலீஸ் பார்த்தது, போட்டோகிராபர் பார்த்தார், பிணத்தைத் தூக்கியவர்கள் பார்த்தார்கள். அத்தனை பேரும் பார்த்துவிட்டுக் கடைசியில் அவள் அடித்த தாளை நம்பினார்கள். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கோர்ட்டில் நீதிபதி அவளிடம் கேட்டார். “இந்த வாக்குமூலம் பத்தி இன்னும் ஏதாவது சொல்ல இருக்காம்மா?”

அக்கா யோசித்துப் பார்த்தாள். கடிகாரத்தைச் சொன்னாள். பளார் சத்தத்தைச் சொன்னாள். ரெண்டு பத்துன்னு சொல்லுடா என்பதைச் சொன்னாள். “அவ்வளவுதாங்க” என்றாள்.

பையனை விட்டுவிட்டார்கள். பையன் என்று சொல்வது பழக்கத்தில் வருகிறது. வயசு முப்பத்தொன்பது. அக்காவின் பென்ஷனை நிறுத்தி வைத்து, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. “இனிமே நம்ம பயணம் வித்தவுட்டுதான்” என்றார் கணவர். ஆனால் அன்றைக்கு அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து, நல்ல வெயிலில், மடிப்பும் அவன் அக்காவும் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்கள். டைப் அக்காவுக்கு அவனை முதலில் அடையாளம் தெரியவில்லை. கோர்ட்டில் அவள் நீதிபதியின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்தலை முழுக்க வழுக்கை. மீதி இருந்த முடியும் நரைத்துவிட்டது. போட்டிருந்த சட்டை கசங்கியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“அடையாள அட்டைக்கு மனு குடுக்கணுமாம்” என்றாள் பட்டன்காரப் பெண். “அது இல்லாம இஸ்திரி வண்டி போட விடமாட்டேங்கறாங்க. எங்க போய் அடிக்கிறதுன்னு பாத்தோம். இவன்தான் இங்கயே போலாம்னான்.”

“உக்காருப்பா, உக்காரு. வெயில்ல வந்திருக்கே” என்று அக்கா பரபரத்தாள். தன் பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டினாள். நீட்டும்போது அவளுக்கு அந்தப் பழைய மத்தியானம் ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்கும், அதனால்தான் இங்கேயே வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

“வேண்டாம்க்கா” என்றான் அவன். மரியாதையாகத்தான் சொன்னான். பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி, மேசை ஓரத்தில் வைத்தான்.

அக்கா பழைய மனு எதையும் திறக்கவில்லை. வெள்ளைப் பக்கத்தைத் திறந்து முதல் எழுத்திலிருந்து அடித்தாள். கால்மணியில் முடிகிற வேலை முக்கால் மணி ஆனது. அச்செடுத்துக் கொடுத்தாள். அவன் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தான். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தான். மூன்றாம் தடவையும் படித்தான். பிறகுதான் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

அக்காவால் அடக்க முடியவில்லை. “உங்கிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வாயே இல்லப்பா. அந்த ஒரு வரியால உன் வாழ்க்கையே…”

“வரி கிடக்கட்டும்க்கா.” அவன் மனுவை மடித்தான். விரலால் ஒரே இழுப்பு, மடிப்பு கத்தி மாதிரி விழுந்தது. “வாயால மூணு நாளும் அவர் கேட்டதுக்கெல்லாம் ஆமாம் ஆமாம்னுதான் சொன்னேன். அடி தாங்கல. ஆனா கையெழுத்து மட்டும் போடல. விரலை ஒடிச்சாங்க, அப்பவும் போடல. என்னைப் பிடிச்சுட்டுப் போறப்ப எங்கம்மா தெருவுல ஓடி வந்து கத்திச்சு, எதுலயும் கையெழுத்துப் போடாதடான்னு. அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“ஆமாப்பா” என்றாள் அக்கா. அவளுக்கு அது தெரியும். அப்போதுதான் அவளுக்கு ஏதோ பயமாக இருந்தது.

“அப்புறம் எல்லாரும் சாப்பிடப் போனாங்க. நீங்க வந்து தண்ணி குடுத்தீங்க. தலையைத் தடவினீங்க. ‘கையெழுத்து போட்டுடுப்பா, போட்டா சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்’னு சொன்னீங்க.” அவன் குரலில் கோபமே இல்லை. துணிக்கணக்கு ஒப்பிக்கிறவன் போலச் சொன்னான். “அந்த ரூம்ல எனக்குப் பொய் சொல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சேன்க்கா. அவங்க அடிச்சதுக்கு நான் போடல. நீங்க சொன்னதுக்குத்தான் போட்டேன்.”

ஜெராக்ஸ் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பட்டன்காரப் பெண் தம்பியின் தோளைத் தொட்டாள். இது அவளுக்கும் புதுசு என்று முகத்தில் தெரிந்தது.

அன்று மத்தியானம் ஏன் அப்படிச் சொன்னாள்? இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்லவில்லை. அவளுக்கு அவன்மேல் இரக்கம் இருந்தது, உண்மைதான். அதோடு மூன்று நாளாக அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. எப்படியாவது முடிந்தால் சரி, நாமும் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்றும் இருந்தது. அதுவும் உண்மை. எது எவ்வளவு என்று அவளால் இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“நான் அதைக் கோர்ட்டுல சொல்லல” என்றாள்.

“தெரியும்க்கா. ஜெயில்லேருந்து கொண்டுவந்து பின்னாடி உக்கார வச்சிருந்தாங்க. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.” அவன் எழுந்தான். “விடுங்க. நீங்க வரலன்னா நான் இன்னும் உள்ளதான் இருப்பேன். வரேன்க்கா.”

இரண்டு பேரும் படியிறங்கி வெயிலில் நடந்தார்கள். தம்பி அந்த மனுவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனான். தெருமுனைக் குழாயில் குனிந்து, கையைக் குவித்து, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான்.

டைப் அக்கா மேசை ஓரத்தில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். வாய்விட்டு அழுதாள்.